சுட்டியை மறந்தாச்சு

உக்காருங்க பத்தரய்யா, உக்காருங்க. பெட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு இப்படி நின்னா எப்படி? ஓடிப்போற ஆளு மாதிரில்ல இருக்கு. இந்தா, ஜமுக்காளத்துல இந்தப் பக்கம் நிழல் விழுகுது, இங்க உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா? மல்லித்தழை எல்லாம் கிள்ளிப் போட்டிருக்கு. சித்திரை பிறந்த அன்னைக்கே வெயிலு இந்தப் போடு போடுது, இனி அக்கினி நட்சத்திரம் வந்து என்னத்தைப் போடப்போகுதோ.

உங்க அவசரம் எனக்குத் தெரியுது. அடுத்த கோயில்லயும் ஒரு காதுகுத்து இருக்குன்னு வந்ததுமே சொல்லிட்டீங்க. நான் இல்லேங்கல. ஆனா எமகண்டம் பிறக்க இன்னும் நேரம் கிடக்கு. அதுக்குள்ள எங்க அண்ணன் வந்துருவான். வந்துருவான்னுதான் நினைக்கிறேன். வரலேன்னா என்ன செய்யணும்னும் முடிவு பண்ணி வச்சிருக்கேன், அதைக் கடைசியாச் சொல்றேன்.

என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, முதல்ல மோரைக் குடிங்க.

தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? எத்தனை காது பாத்திருப்பீங்க! சீர்த்தட்டும் காப்பரிசியும் அவன் வீட்டுல இருந்து வரணும். கொட்டு மேளத்தோட வரணும். வந்து அந்தா, மதிலுக்கு அந்தப் பக்கம் ரோட்டு வளைவுல நிக்கணும். சத்தம் கேட்டதும் நான் ஆலம் தட்டை எடுத்துக்கிட்டுப் போயி, "வாண்ணே, வாங்க மதினி"ன்னு எதிர்கொண்டு கூப்பிடணும். பிள்ளையைப் பெத்தவ கூப்பிட்டாத்தான் சீர் கோயிலுக்குள்ள நுழையும். அதுதான் எங்க பக்கத்து முறை. ஆலம்கூட கரைச்சு வச்சாச்சு, பாருங்க, தூணுக்குப் பக்கத்துல. காலையில இருந்து காதைத் தீட்டிக்கிட்டு இருக்கேன். எங்க? ஒரு தகரத்தைத் தட்டுற சத்தம்கூடக் காணோம்.

நீங்க அந்த வழியாத்தானே நடந்து வந்தீங்க? கொட்டுச்சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா? இல்லேல்ல? பாத்தீங்களா! ஆனாவா? ஆனா கீனால்லாம் வேண்டாம் பத்தரய்யா. கொட்டு இல்லேன்னா சீர் இல்ல, அவ்வளவுதான்.

அங்க பாருங்க, வேட்டியை இழுத்து விட்டுக்கிட்டு, வெத்தலையைக் குதப்பிக்கிட்டு ஒருத்தர் சம்மணம் போட்டு உக்காந்திருக்காருல்ல? எங்க நாத்தனார் வீட்டுக்காரர். காலைப் பலகாரம் முடிஞ்சதுல இருந்து அந்த இடத்தை விட்டு நகரல. மடி தயாரா இருக்கு. எங்க அண்ணன் வரலேன்னா அந்த மடியில என் பிள்ளையை உக்கார வச்சிரலாம்னு எங்க நாத்தனாருக்கு நினைப்பு. மொட்டை போட்டப்ப அப்படித்தான் ஆச்சு. அன்னையில இருந்து எந்த விசேசத்துக்குப் போனாலும், "எங்க வீட்டுக்காரர் மடியிலதான் சாதனாவுக்கு மொட்டை. தாய்மாமன் இருந்தும் இல்லாத பிள்ளை, பாவம்." பாவமாம்! என் பிள்ளை! நல்லா கொழுகொழுன்னு லாலிபாப்பைச் சப்பிக்கிட்டு உக்காந்திருக்கு, இது பாவமாம்.

இந்தத் தடவை விட மாட்டேன். ஏன்னா நான் பழைய ஈஸ்வரி இல்ல. ஆமா பத்தரய்யா, நான் மாறிட்டேன். எல்லாத்தையும் விட்டுட்டேன். விட்டு இன்னையோட பத்து நாள் இருக்கும்.

நான் நைட்டிக் கம்பெனியில பவர் மிசின்ல தைக்கிறேன். அங்க எங்களுக்கு வகுப்பு எடுக்க மதுரையில இருந்து ஒரு மேடம் வந்தாங்க. காட்டன் சேலை, சின்னதா ஒரு பொட்டு, பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம். "புது வருசம் பிறக்கப்போகுது. பழைய மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் புது வீட்டுக்குள்ள போகாதீங்க. இறக்கி வைங்க. உங்களை நீங்களே கொஞ்சம் கொஞ்சமா மெருகேத்துங்க"ன்னாங்க. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. சனவரி ஒண்ணாந்தேதிக்கும் நான் ஒரு சபதம் எடுத்தேன், யாரையும் வையக்கூடாதுன்னு. பொங்கல் வரைக்கும்கூட நிக்கல. அப்புறம்தான் புரிஞ்சுச்சு, அது இங்கிலீசு வருசம், நமக்கு எப்படி ஒட்டும்? சித்திரைக்கு எடுத்தாத்தான் நம்ம உடம்புல சேரும்.

மேடம் ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு குடுத்தாங்க. எதை விடணுமோ அதை எழுதி மண்சட்டியில போட்டுக் கொளுத்தணும். என் பக்கத்து மிசின் சந்தனமாரி, "டிவி நாடகத்துல வர்ற மாமியாரை வையுறதை விடுறேன்"னு எழுதிப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டா. எனக்குச் சீட்டு பத்தல. நைட்டிக்குள்ள வச்சு மடிக்கிற அட்டை இருக்கும்ல, அதுல ஒண்ணு வாங்கி, முன்னாடியும் பின்னாடியும் எழுதினேன். எழுத எழுத, மறந்துபோனது எல்லாம் ஞாபகத்துக்கு வருது பத்தரய்யா. அவ்வளவு நல்ல வகுப்பு. அட்டை லேசுல பத்தவும் இல்ல. சீமெண்ணெய் ஊத்திக் கொளுத்தினோம். மேடம் இருமிக்கிட்டே, "உங்களுக்குத்தாம்மா இந்த வகுப்பு ரொம்ப அவசியம்"னாங்க. அத்தனை பேர்ல என்னை மட்டும்தான் அப்படித் தனியாச் சொன்னாங்க.

அப்புறம், எதைப் புதுசா வளத்துக்கணும்னு சொல்லச் சொன்னாங்க. நான் ஸ்கூட்டி ஓட்டப் படிக்கிறேன்னு சொன்னேன். பிள்ளையை அடிக்க மாட்டேன்னு சொன்னேன். அடுத்தவங்க பேசினா குறுக்க விழாம முழுசாக் கேப்பேன்னு சொன்னேன். இல்ல இல்ல, நீங்க இருங்க, நான் இதை முடிச்சுக்கிறேன், விட்டா மறந்துரும்.

அன்னைக்குச் சாயங்காலமே அண்ணனுக்கு வாட்சப்புல பேசி அனுப்பினேன். மனசுல இருந்து பேசினேன். "அண்ணே, நான் ஈஸ்வரி பேசுறேன். புது வருசம் பிறக்கப்போகுது. நான் எல்லாத்தையும் மறந்துட்டேன். நீ பயப்படாம சாதனா காதுகுத்துக்கு வா. வளைகாப்புக்கு மதினி சின்ன அளவு வளையலா வாங்கிட்டு வந்து, ஒண்ணுகூட என் கையில ஏறாம எல்லாரும் சிரிச்சாங்கள்ல, அதை மறந்துட்டேன். தலைதீபாவளிக்கு எடுத்த சேலை முதத் தண்ணியிலயே சாயம் போயி, என் உள்பாவாடை எல்லாம் ஊதா ஆச்சே, அதை மறந்துட்டேன். எட்டாப்பு படிக்கும்போது என் சைக்கிளைக் கொண்டுபோயிக் கம்மாய்க்குள்ள விட்டியே, அதையும் மறந்துட்டேன்." இப்படி வரிசையாச் சொன்னேன். அட்டையில எழுதிக் கொளுத்தினது மனசுல பதிஞ்சிருந்ததால வரிசை தப்பல. கடைசியா, "சுட்டி விசயத்தைக்கூட மறந்துட்டேன், அதைப் பத்தி நான் பேசவே போறதில்ல"ன்னு சொல்லி, அதைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசினேன்.

கொஞ்சம் நீளம்தான். நடுவுல மாவு மிசினுக்கு வேற போயிட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரர் கேட்டுட்டு, "இதை அனுப்பாத ஈஸு. இதுக்கு நேராப் போயி நாலு அறை விட்டுட்டு வந்திருக்கலாம்"னாரு. அவருக்கு என்ன தெரியும்? அவரு வகுப்புக்கு வந்தாரா?

ஒருத்தி இவ்வளவையும் மறந்துட்டேன்னு சொன்னா கேக்கிறவனுக்குச் சந்தோசம் வரணுமா வேண்டாமா? நீங்களே சொல்லுங்க. நீலக்கோடு விழுந்துச்சு. கேட்டுட்டான். கேட்டுட்டு என்ன அனுப்பினான் தெரியுமா? ரெண்டு கையும் சேந்து கும்பிடுற படம். வெறும் படம்! எனக்கு எப்படி இருக்கும்? "தாயே, ஆளை விடு"ன்னு கும்பிடுறானா? அந்தக் கோவத்துல... கோவம் இல்ல, கோவத்தை விட்டாச்சு. மனசைக் கெடுக்கிறதைத் தள்ளி வைங்கன்னு மேடம் சொன்னாங்கள்ல, அதனால அவன் நம்பரைப் பிளாக் பண்ணிட்டேன்.

முறையும் நான் தப்பல. வெத்தலை பாக்கு, தேங்காய், பழம் எல்லாம் தட்டுல வச்சு எங்க வீட்டுக்காரரை அனுப்பினேன். "தங்கச்சி வரலியா மாப்ள?"ன்னு கேட்டானாம். "அவளுக்கு ஓவர்டைம் மச்சான்"னு இவரு சமாளிச்சாராம். "சரி மாப்ள. அவ வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டா நான் எங்க வேணாலும் வருவேன்"னானாம். இதுல என்ன அர்த்தம் இருக்கு? ஒண்ணும் இல்ல. வர மனசில்லாதவன் பேசுற பேச்சு. வர்றவனா இருந்தா காலையில இருந்து ஒரு போனு பண்ண மாட்டானா? "தாயி, கிளம்பிட்டோம்"னு ஒரு போனு? எங்க வீட்டுக்காரர் போனுக்கும் அடிச்சிருக்க முடியாதுதான், சமையக்காரர் அதுல பாட்டுப் போட்டே சார்ஜை எல்லாம் குடிச்சிட்டாரு. ஆனா என் போனு நல்லாத்தானே இருக்கு? இந்தா, ஒரு மணி அடிக்கல.

ஓ, பிளாக். சரி, அது வேற.

சுட்டி யாருன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவாயில்ல, சொல்றேன். விட்ட விசயம்தான், இனிச் சொன்னா என்ன?

சுட்டி எங்க கிடா. ஈன்ன அன்னைக்கே தாய் ஆடு செத்துப்போச்சு. நான்தான் பால் பாட்டில்ல ஊட்டி வளத்தேன். பத்தாப்பு முடிச்சுட்டு வீட்டுல இருந்த வருசம். உடம்பு பூரா வெள்ளை, நெத்தியில மட்டும் கறுப்பா ஒரு பொட்டு, கல்யாணப் பொண்ணு நெத்திச்சுட்டி வச்ச மாதிரி. ஆம்பளைக்கு எதுக்குடா சுட்டின்னு எல்லாரும் சிரிப்பாங்க. கம்மாய்க்கரையில நின்னு ஒரு குரல் குடுத்தேன்னா, மேய்ச்சலை விட்டுட்டுக் குதிச்சுக்கிட்டு வரும். என் தாவணி முனையைத் தின்னு தின்னு, ஒரு தாவணிக்கும் முனை கிடையாது.

கல்யாணமாகி இங்க வரும்போது கட்ட இடமில்ல. அண்ணன்கிட்ட சொன்னேன், "அண்ணே, எந்தக் கஷ்டம் வந்தாலும் சுட்டியை வித்துராத." "விக்க மாட்டேன் தாயி"ன்னு என் தலையில கையை வச்சுச் சத்தியம் பண்ணினான். விக்கல பத்தரய்யா. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டான். விக்கல. வெட்டிட்டான்.

எப்ப வெட்டினான் தெரியுமா? எனக்கு வளைகாப்பு முடிஞ்சு தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு. எங்களுக்கு அப்பா அம்மா இல்ல. அண்ணனும் மதினியும்தான் தாய்வீடு. அந்த வருசம் பருத்தி பூவோட கருகிப்போச்சு, அவனுக்கும் கையில வேலை இல்ல. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா எனக்கும் ஒரு மானம் இருக்குல்ல? இங்க இருந்து ரெண்டு வேன் நிறைய ஆளு வருது, முத வேன்ல முத சீட்டுல எங்க நாத்தனார். நான் முந்தின நாளே போன் போட்டு, "அண்ணே, கோழியை அடிச்சுப் போட்டுச் சமாளிச்சிராத. ஆட்டுக்கறி போடலேன்னா என் மானம் போயிரும், இவுக காலம் பூரா சொல்லிக் காட்டுவாக"ன்னு தெளிவாச் சொன்னேன். எத்தனை பேரு வருவாங்கன்னு மட்டும் கேட்டான். அப்புறம், "சரி தாயி, போட்டுருவோம்"னான். எங்கிட்டு இருந்து போடப்போறான்னு நான் ஏன் கேக்கணும்? அது அண்ணன் பாடு.

போட்டான். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கறி. குத்தம் சொல்றதுக்குன்னே பிறந்த எங்க நாத்தனாரே, "கறி பஞ்சு மாதிரி இருக்கு"ன்னு சொல்லுச்சு. எனக்கு அன்னைக்கு அவ்வளவு பெருமை. பிள்ளைத்தாச்சின்னு மதினி எனக்கு ஈரலைத் தனியா எடுத்து வச்சிருந்துச்சு. ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்னேன். அண்ணன் வாளியைத் தூக்கிக்கிட்டு இலை இலையாப் போயி ஊத்துறான், அவன் மட்டும் உக்காரல. கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு. அடுப்புப் புகைன்னு நினைச்சேன்.

சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டு, கழனித் தண்ணியை எடுத்துக்கிட்டு ஆட்டுக் கொட்டத்துக்குப் போனேன். சுட்டின்னு கூப்பிட்டுக்கிட்டே போனேன். கயிறு மட்டும் இருந்துச்சு. கழட்டிப் போட்ட மாதிரி இல்ல, அழகாச் சுருட்டி ஆணியில மாட்டி இருந்துச்சு. அதுதான் எனக்குப் பொறுக்கல.

இருங்க, கண்ணுல தூசி. இந்தக் கோயில்ல புழுதி ஜாஸ்தி.

தொண்டையில இறங்கினதைத் திருப்பி எடுக்க முடியுமா? முத்தத்துல நின்னு, ரெண்டு வேன் ஆளும் பாக்க, "இனிமே இந்த வீட்டுல நான் கை நனைச்சா ஏன்னு கேளு"ன்னு சொல்லிட்டு, வந்த வேன்லயே ஏறித் திரும்பிட்டேன். அவன் வாளியும் கையுமா நின்னான். ஒரு வார்த்தை பேசல. ஏன் பேசல? பேசியிருக்கலாம்ல? "நீதானே தாயி கேட்ட"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், சண்டை அன்னைக்கே முடிஞ்சிருக்கும். பேசாம நின்னா சண்டை எப்படி முடியும்?

பிள்ளை பிறந்து ஆசுபத்திரியில கிடந்தப்ப மதினி ரெண்டு பஸ் மாறி வந்துச்சு. தூக்குவாளியில கருவாட்டுக் கொழம்பும் பூண்டும். "எடுத்துட்டுப் போங்க மதினி, நனைக்க மாட்டேன்னா நனைக்க மாட்டேன்"னுட்டேன். "இது எங்க வீடு இல்லையே ஈஸு, ஆசுபத்திரிதானே"ன்னுச்சு. "கொழம்பு உங்க வீட்டு அடுப்புல வெந்ததுதானே"ன்னேன். எப்படி மடக்கினேன் பாத்தீங்களா? பச்ச உடம்புக்காரி, அப்பவே அவ்வளவு தெளிவு. மதினி பிள்ளையை ஒரு தடவை முகர்ந்து பாத்துட்டு, தூக்குவாளியைத் தூக்கிக்கிட்டு அடுத்த பஸ்சுக்குப் போயிருச்சு.

அன்னையில இருந்து நான் ஆட்டுக்கறி தொடுறதில்ல. இந்தா, நம்ம பந்திக்கே அங்க கொதிக்குது, வாசனை ஆளைத் தூக்குது. நான் சாம்பார்தான். மறந்தாச்சு, ஆனா தொடுறதில்ல.

அந்தா வந்துட்டாங்க எங்க மாமியார். "என்ன அத்தை?" "ஈஸு, நேரமாகுது, பந்திக்கு ஆளு காத்துக்கிட்டு இருக்கு. மருமகன் மடியிலயே வச்சுக் குத்திருவோம்டி." "அத்தை, அந்த மடி வெத்தலைச்சாறு வழிஞ்சு கிடக்கு. நீங்க போயி இலையைப் போடச் சொல்லுங்க." "கோவிச்சுக்கிட்டு இருக்கிற மாமன் வருவானா? புடிச்ச புடி விடாத வம்சம்டி உங்க வம்சம்." "அத்தை, நான் புடி எல்லாத்தையும் விட்டாச்சு. கொளுத்தியாச்சு. இன்னும் வம்சத்தைப் பேசாதீங்க, போங்க."

கேட்டீங்களா? எனக்காம், புடிவாதமாம்!

சரி. சொல்றேன்னு சொன்னேன்ல, முடிவு. இப்பச் சொல்றேன். என் மடியில வச்சுக் குத்துங்க. ஆமா, என் மடியிலதான். தாய்மாமன்ல முதல்ல தாய் இருக்காளா இல்லையா? பத்து மாசம் உள்ள சுமந்தவ, வெளியில ஒரு நிமிசம் மடியில வச்சுக்கக் கூடாதா? ஊரு பேசட்டும். நாத்தனார் ரெண்டு வேன் வச்சுப் போயிப் பேசட்டும். எனக்கு யாரும் வேண்டாம். சாதனா, வாடி. லாலிபாப்பை அம்மா கையில குடு. வாயைத் துடை. இந்தா உக்காந்துட்டோம். சந்தனத்தால காதுல குறி வைங்க பத்தரய்யா. கம்பியை எடுங்க. குத்துங்க.

ஏன் சும்மா இருக்கீங்க?

ஏன் பெட்டியை மூடுறீங்க?

குத்த மாட்டீங்களா? ஏன்? முறை இல்லையா? நான்தான் சொல்றேனே... சரி. சரி, நீங்க சொல்லுங்க. வந்ததுல இருந்து வாயைத் திறந்து திறந்து மூடுறீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க. முழுசாக் கேக்குறேன். குறுக்க விழ மாட்டேன்.

வளைவுலயா?

எப்ப? நீங்க வரும்போதேவா?

யாரு, எப்படி இருந்தாங்க? நெட்டையா, முன்மண்டையில முடி இல்லாம? புதுச்சட்டை போட்டிருக்கானா? மடிப்புக்கூடக் கலையாம? அது மதினி எடுத்துக் குடுத்திருக்கும். மதினியும் இருக்கா? நிக்கிறாங்களா, உக்காந்திருக்காங்களா? வேப்பமர நிழல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்களா... காலையில இருந்தேவா? "தங்கச்சிகிட்ட, அண்ணன் வந்து நிக்கிறேன்னு சொல்லிருங்க"ன்னானா? உங்ககிட்டயா? அப்புறம் ஏன்ய்யா வந்ததும் சொல்லல?

நான் எங்க பேச விட்டேன்னு கேக்குறீங்களா? நல்லா இருக்கே! மோர் குடிக்கச் சொன்னது தப்பா?

கொட்டு இல்லாம எப்படி வந்தான்? கொட்டுக்காரங்க வேற ஊர்ச் சீருக்குப் போயிட்டாங்களா? முன்கூட்டிச் சொல்லி வச்சிருக்கணும்ல? கூறு இருந்தா சொல்லி வச்சிருப்பான். கொட்டு இல்லேன்னா ஒரு எட்டு வந்து தலையைக் காட்ட வேண்டியதுதானே? அந்தா இருக்கிற வளைவு! கூப்பிடாம எப்படி உள்ள வர்றதுன்னு நிக்கிறானா? மாமன் முறையாம், மானமாம். பாத்தீங்களா, புடிவாதத்தை? வம்சம் அப்படி. எங்க மாமியார் சொன்னது சரிதான், அவனைப் பாத்துச் சொல்லியிருக்கணும்.

நான் போக மாட்டேன். சத்தியமாப் போக மாட்டேன். கொட்டுச்சத்தம் கேட்டாத்தான் போவேன்னு...

என்னது? இன்னும் இருக்கா? சொல்லுங்க.

கையில கயிறா?

குட்டியா? என்ன குட்டி? ஆட்டுக்குட்டியா? என்ன நிறம்?

நெத்தியில?

...

நல்லாப் பாத்தீங்களா? நெத்தியிலதானா? கறுப்பாவா? பொட்டு மாதிரியா? அழுக்கு ஒட்டி இருந்திருக்கும். இல்லையா? நீங்க தங்கத்துல ஒரு மாசு பாக்கிற ஆளு, உங்களுக்குத் தெரியாதா. எங்கிட்டுத் தேடினானோ! இந்தச் சுத்து வட்டாரத்துல அந்த மாதிரி குட்டியே கிடையாது பத்தரய்யா. நான் பாத்திருக்கேன். ஒவ்வொரு சந்தையிலயும் பாத்திருக்கேன். இல்ல, வாங்கிறதுக்காகப் பாக்கல. சும்மா, போற வழியில.

ஏங்க! இங்க வாங்க! கரண்டியை வச்சுட்டு வாங்க! உங்க மச்சான் வெயில்ல நிக்கிறான், நீங்க இங்க உப்புப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க! கொட்டு இல்லேன்னா என்ன, அந்த எவர்சில்வர் அண்டாவையும் கரண்டியையும் எடுத்துட்டு வந்து தட்டுங்க. ஆமா, அண்டாவைத்தான். சீர் வருது, சத்தம் வேண்டாமா? அத்தை, ஆலம் தட்டு! நீங்க எடுக்க வேண்டாம், குடுங்க, நான்தான் எடுப்பேன். மதினிமாருக யாராச்சும் வர்றதுன்னா பின்னால வாங்க.

பத்தரய்யா, பிள்ளையைப் பிடிங்க. எங்க நாத்தனார் வந்து கேட்டா குடுத்துராதீங்க. அந்த வெத்தலைக்காரர் பக்கத்துல மட்டும் கொண்டுபோயிராதீங்க.

நான் ஒண்ணும் ஓடல. வெயில்ல தரை சுடுது, அதான். அழவும் இல்ல, அதுதான் புழுதின்னு சொன்னேனே. அங்க போயி நான் பழசு எதையும் பேசப்போறதில்ல. எதையும் மனசுல வச்சுக்காதவ நான். ஒண்ணே ஒண்ணு கேப்பேன், கும்பிடுற படம் ஏன் அனுப்பினன்னு. அப்புறம் இன்னொண்ணு சொல்லுவேன், இந்தக் குட்டி மேல எவன் கத்தியை வச்சாலும் நடக்கிறதே வேறன்னு. இது என் வீட்டுல வளரும். இடம் இல்லேன்னா வீட்டுல இருக்கிற தையல் மிசினைத் தூக்கி வெளியில வச்சுட்டு அந்த இடத்துல கட்டுவேன்.

மதினி காப்பரிசியை நீட்டும். நீட்டத்தான் செய்யும், எனக்குத் தெரியும். வாங்கித் தின்னுருவேன் பத்தரய்யா. அதுல ஒண்ணும் என் சபதம் போயிறாது. நின்னு தின்னப்போறது ரோடு, அவன் வீடு இல்ல. காப்பரிசி அடுப்புல வேகுறதும் இல்ல. பச்சரிசியை ஊறப்போட்டு வெல்லமும் எள்ளும் போட்டுப் பிசைஞ்சு வைக்கிறதுதானே? மதினிக்கு இது அன்னைக்கே தோணியிருந்தா ஆசுபத்திரிக்கும் இதைக் கொண்டு வந்திருக்கலாம். ம், தோணல. அதையும் மறந்தாச்சு.

நீங்க கம்பியைத் தயாரா வைங்க. இந்தா போயிக் கூட்டிட்டு வந்துர்றேன்.

ஏங்க, அந்தா! அந்தா நிக்கிறான், தெரியுதா? அடப்பாவி, எப்படி இளைச்சுப் போயிட்டான்! அவனே வரப் பாக்குறான் பாருங்க, காலைத் தூக்கிட்டான்...

அண்ணே! ஏய் அண்ணே! அங்கயே நில்லு! ஒரு எட்டு எடுத்து வைக்காத, சொல்லிட்டேன்! நான்தான் வந்து கூப்பிடுவேன்!